4கே டிஸ்க்குக்கு மாறினால் பழைய ரிசீவரையும் தூக்கிப்போட வேண்டுமா?

ஜூரோங்காரன்:
வணக்கம். 55 அங்குல ஓஎல்ஈடி டிவி வாங்கியாச்சு. அடுத்து 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே பிளேயர். இடிப்பது ரிசீவர்தான், ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கும் பெட்டி. 2011 மாடல், 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), இன்றும் அருமையாகப் பாடுகிறது. கடையில் கேட்டால் ரிசீவர், ஸ்பீக்கர், கேபிள் எல்லாவற்றையும் மாற்றணும் என்கிறார்கள். அந்தத் தொகையை வீட்டில் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. உண்மையிலேயே எல்லாம் மாற்ற வேண்டுமா? சென்னையில் வாங்கிய புளூ-ரே டிஸ்க்குகளும் நிறைய இருக்கின்றன. புது பிளேயரில் ஓடுமா?

செவிக்குணவு:
டிஸ்க் மாறினால் ஸ்பீக்கர் எதற்கு மாறணும்? அதைக் கடையில் கேட்டிருக்கலாம்.

ரிசீவர் பற்றிச் சொன்னது மட்டும் பாதி உண்மை. 4கே டிஸ்க்கின் படம் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டோடு வெளியே வரும். வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் அதை ஏற்க வேண்டும். 2011 ரிசீவர் ஏற்காது. திரை கறுத்துவிடும், அல்லது படம் 1080-க்கு இறங்கிவிடும். எனவே ரிசீவரை நடுவில் வைக்காதீர்கள். சோனி எக்ஸ்700, பானாசோனிக் யுபி820 போன்றவற்றில் எச்டிஎம்ஐ வெளியீடு இரண்டு உண்டு. ஒன்று படத்தோடு நேரே டிவிக்கு, மற்றது ஒலி மட்டும் ரிசீவருக்கு. டிஸ்க்கில் தரம் குறையாமல் வரும் ஒலி வகைகளான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் இரண்டையும் உங்கள் ரிசீவரே பிரித்துவிடும். அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் வகை) டிஸ்க் போட்டாலும் அடியில் இருக்கும் ட்ரூஎச்டி ஒலி வரும். கூரை ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

டிவியின் ஏஆர்சி வழியாக, அதாவது டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி, ஒலியை எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். சாதாரண ஏஆர்சியில் ட்ரூஎச்டி போகாது, சுருக்கிய ஒலிதான் கிடைக்கும். அதன் மேம்பட்ட வகையான இஏஆர்சி வந்த பிறகுதான் அது சரியானது, அதற்கு ரிசீவரும் புதிதாக இருக்கணும்.

கேபிள்: படம் நொடிக்கு 24 பிரேம்தான். நல்ல பழைய கேபிளே பெரும்பாலும் தாங்கும். முதலில் போட்டுப் பாருங்கள், திரை விட்டுவிட்டு வந்தால் மட்டும் வாங்குங்கள்.

தங்கமீன்:
டிவியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள்? 55 அங்குலத்தை ஒன்பது பத்தடியில் பார்த்தால் 1080-க்கும் 4கே-க்கும் கூர்மையில் வித்தியாசம் தெரிவது கஷ்டம். பல படங்கள் 2கே-யில் (கிட்டத்தட்ட 1080 அளவு) முடிக்கப்பட்டு, பெரிதாக்கித்தான் டிஸ்க்கில் வருகின்றன. என்னைக் கேட்டால் நெட்ஃபிளிக்ஸே போதும்.

செவிக்குணவு:
கூர்மை பற்றி தங்கமீன் சொல்வது சரி. ஆனால் நான் டிஸ்க் வாங்குவது கூர்மைக்காக அல்ல. எச்டிஆரும் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சு) 10 பிட் நிறமும் (நுணுக்கமான நிறப் படிகள்) 2கே-யில் முடித்த படத்திலும் தெரியும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் இணையம் கேட்கிறது. 100 ஜிபி டிஸ்க்கில் உச்சம் 128 எம்பிபிஎஸ் வரை போகலாம். இருட்டுக் காட்சியில் வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அது பெரும்பாலும் இங்கே குறையும். ஓஎல்ஈடியில் அந்த வித்தியாசம் இன்னும் நன்றாகக் கண்ணில் படும்.

சென்னை டிஸ்க்குகளை மறந்துவிட்டேன். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு (ஒரு பகுதியில் விற்றது வேறு பகுதி பிளேயரில் ஓடாமல் தடுப்பது) கிடையாது, சாதா புளூ-ரேக்கு உண்டு. இந்தியா சி, சிங்கப்பூர் ஏ. சி என்று பூட்டிய டிஸ்க் இங்கே விற்கும் பிளேயரில் ஓடாது. உறையின் பின்பக்கம் எழுத்தைப் பாருங்கள். 4கே பெட்டியோடு சேர்ந்து வரும் சாதா டிஸ்க்குக்கும் இதே கதைதான்.

ஜூரோங்காரன்:
ஆறடிதான், எங்கள் ஹாலில் அதற்கு மேல் இடமில்லை. டிஸ்க்குகளைப் புரட்டினேன், பாதிக்கு மேல் சி. பழைய பிளேயர் சென்னையில் வாங்கியது, அவற்றுக்கு அது இருக்கட்டும். எக்ஸ்700 விலை குறைவு, அதையே எடுக்கட்டுமா?

செவிக்குணவு:
எடுக்கலாம். அதில் டால்பி விஷனை (எச்டிஆரில் ஒரு வகை) டிஸ்க்குக்கு ஏற்ப நீங்களே மெனுவில் போட்டு அணைக்கணும். 820 தானே பார்த்துக்கொள்ளும். சோம்பேறி என்றால் பானாசோனிக். ரொம்ப யோசிக்காதீர்கள். பிளேயர் தயாரிப்பிலிருந்து ஓப்போ 2018-லேயே விலகியது, சாம்சங்கும் எல்ஜியும் அதன் பிறகு விலகிவிட்டன. கடையில் தெரிவு குறைந்துகொண்டே வருகிறது.