செல்லுலாய்ட்: பின்பாதி யாருக்க படம்?

மயிலாடிக்கல்: கமல் எடுத்த 'செல்லுலாய்ட்' (2013, நம்ம கமல்ஹாசன் இல்ல, மலையாள இயக்குநர்) பற்றித்தான். முதல் மலையாளப் படம்னு சொல்லப்படுற மௌனப் படம் 'விகதகுமாரன்' எடுத்துச் சொத்தைத் தொலைச்ச ஜே.சி. டேனியலை குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துல தேடிப் பிடிக்கிறார் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். முன்பாதியில நிலத்தை வித்து கேமரா வாங்கின மனுஷன், பின்பாதியில பேட்டி கொடுக்கிற கிழவரா சுருங்கிட்டார். டேனியலா நடிச்ச பிருத்விராஜுக்க படத்தை, சேலங்காட்டா வந்த சீனிவாசன் தூக்கிட்டுப் போயிட்டார்.

தேரூர்க்குளம்: அண்ணாச்சி, அந்த சேலங்காட்டு வரல்லைன்னா எடுக்கறதுக்குப் படமே கிடையாது. 'விகதகுமாரன்' பிரதி ஒண்ணுகூட மிஞ்சல்ல. மௌனப் படத்துக்கு மொழி ஏது, முதல் மலையாளப் படம் 1938ல வந்த 'பாலன்'தான்னு ஒரு கட்சி. 1956 நவம்பர் 1க்குப் பிறகு அகஸ்தீஸ்வரம் தமிழ்நாடு, அதனால டேனியல் கேரளாக்காரரே இல்லைன்னு இன்னொண்ணு. ரெண்டோடயும் மல்லுக்கட்டினது சேலங்காட்டுதான். டேனியல் 1975ல போயாச்சு, அவர் பேரில விருது வந்தது 1992ல.

மயிலாடிக்கல்: செரி. ஆனா ஒரே ஆளை நம்பினா வாற கேடும் அதுதான். படம் வெளியானது 1928ன்னு சேலங்காட்டு, 1930ன்னு மத்தவங்க. நாப்பது வருஷம் கழிச்சு ஒரு முதியவர் ஞாபகத்துல இருந்து சொல்றதை அப்படியே திரைக்கதையாக்கலாமா?

குழித்துறை_ஆறு: இடையில ஒண்ணு. டேனியலுக்க மகன் விளையாட்டா ஃபிலிமைக் கொளுத்துற காட்சியை மிகைன்னு சிலர் சொல்லுதாவ. அந்தக் காலத்து 35 எம்.எம். ஃபிலிம் நைட்ரேட். எரியத் தேவையான ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு, தண்ணிக்குள்ள முக்கினாலும் அணையாது. துண்டு துண்டா பிரிச்சுக் கொளுத்தினா கம்பி மத்தாப்புதான், பிள்ளைக்கு ஆசை வராம இருக்குமா? முழுச் சுருளுக்குத் தீ வச்சா கையும் போகும், வீடும் போகும். ஆயிரம் அடிச் சுருள்னா நொடிக்கு 16 பிரேம் வேகத்துல பதினாறு நிமிஷம் நாப்பது செகண்ட் படம். எரியறதுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

தேரூர்க்குளம்: அதைத்தான் சொல்லுதேன். ஃபிலிம் போச்சு, மிச்சம் பேச்சு மட்டும். அப்ப பேசினவரும் கேட்டவரும் படத்துல இருக்கத்தானே வேணும்?

மயிலாடிக்கல்: அப்போ 'விகதகுமாரன்' கதாநாயகி ரோசி? தலித்தா இருந்துட்டு நாயர் பெண்ணா நடிச்சதுக்காக விரட்டப்பட்டு, லாரியில ஏறித் தப்பிச்சு, நாகர்கோவில்ல குடும்பமா இருந்தாவன்னுதான் வரலாறு சொல்லுது. அகஸ்தீஸ்வரத்துல இருந்து பஸ்ஸுல அரைமணி, முக்கால்மணி. பத்திரிகையாளருக்குக் கொடுத்த நேரத்துல பாதியை அங்க கொடுத்திருக்கலாம்.

தேரூர்க்குளம்: கொடுத்திருந்தா, ஆதாரம் எங்கேன்னு நீங்கதான் முதல்ல கேட்டிருப்பிய அண்ணாச்சி.