ரக்பி அட்டவணையும் பிசான அறுவடையும்: எந்த ஆட்டத்துக்கு விழித்திருப்பது? உதவி தேவை

கேட்டவர்: அம்பாசமுத்திரம், விவசாயி

அனைவருக்கும் வணக்கம். என் மைத்துனர் துலூஸ் நகரில் விமானம் கட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலிருந்து நான் அந்த ஊர் ரக்பி அணியின் ரசிகன். அவர் கொண்டுவந்து கொடுத்த சிவப்பு கறுப்புத் துண்டு இப்போதும் எங்கள் வீட்டு நெல் குதிருக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. ஆட்டம் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அதன் அட்டவணைதான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பிரான்சின் கழக லீக்கான டாப் 14 ஆட்டத் தேதிகளைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். தேதிதான் முதலில் வருகிறது. நாளும் நேரமும் பிறகு மாறுகின்றன. சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் சேல் அணியோடு நடந்த சாம்பியன்ஸ் கோப்பை (ஐரோப்பியக் கழகங்களின் போட்டி) ஆட்டத்துக்கு, வழக்கம்போல் நான்கரை மணி நேரம் கூட்டிக் குறித்திருந்தேன். வாய்க்காலில் மடை மாற்றிவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்து கைப்பேசியைத் திறந்தால் இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கண்விழித்துப் பார்த்தால், என் அணியின் முதன்மை வீரர்கள் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஆறு ஐரோப்பிய நாடுகளின் தொடருக்காகப் பிரான்சு அணியோடு போய்விட்டிருப்பார்கள். லீக் ஆட்டம் மட்டும் இளைஞர்களை வைத்து நடக்கும். அந்த மாதங்கள்தான் எங்களுக்குப் பிசான நெல் பருவத்தின் அறுவடைக் காலம். எந்த இரவில் விழிப்பது, எந்த இரவில் உறங்குவது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அறுவடை இயந்திரத்துக்கு நாள் சொல்ல முடியும். இதற்கு ஒரு வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: தூத்துக்குடி, கப்பல் பணி

அண்ணாச்சி, நேரப் பிழைக்கு உறுதியான தீர்வு உண்டு. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். ஆகவே பிரான்சுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி குளிர்காலத்தில் நான்கரை மணி, கோடையில் மூன்றரை மணி. நீங்கள் சேல் ஆட்டத்தைக் கோடைக் கணக்கு தொடங்கிய பிறகு குளிர்காலக் கணக்கில் குறித்திருக்கிறீர்கள். இந்த 2026இல் அந்த மாற்றம் மார்ச் 29ஆம் தேதி வருகிறது.

கைப்பேசி நாட்காட்டியில் ஆட்டத்தைப் பதியும்போது நேர மண்டலம் என்ற இடத்தில் பாரிஸைத் தேர்ந்தெடுத்து, அங்கே அறிவித்த நேரத்தை அப்படியே இடுங்கள். நம் நேரத்தை அதுவே கணக்கிட்டுக் காட்டும். கோப்பாக இறக்கி ஏற்றிய அட்டவணை, ஏற்றிய நாளில் இருந்தபடியே நின்றுவிடும். இணைப்பு முகவரியின் வழியே சந்தாவாகச் சேர்த்தால் அவர்கள் மாற்றும்போது உங்களிடமும் மாறும். டாப் 14இல் முதலில் வார இறுதி மட்டுமே முடிவாகிறது. ஒளிபரப்பு நிறுவனம் எந்த ஆட்டத்தை எப்போது காட்டுவது என்று தேர்ந்தெடுத்த பிறகே நாளும் நேரமும் உறுதியாகின்றன. அதனால் பென்சிலை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, தேதியே மாறும் ஆட்டங்களைக் கவனியுங்கள். இவ்வாண்டு சிக்ஸ் நேஷன்ஸ் பிப்ரவரி 5, வியாழக்கிழமை இரவு பாரிஸில் பிரான்சும் அயர்லாந்தும் மோதும் ஆட்டத்தோடு தொடங்குகிறது. அங்கே இரவு 9 மணிக்கு மேல் என்றால் நமக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை ஒன்றரை மணி கடந்துவிடும். வியாழக்கிழமைத் தாளில் குறித்தால் ஒருநாள் முன்னதாக விழித்திருப்பீர்கள்.

கேட்டவர்

தம்பி, மிக்க நன்றி. பாரிஸ் நேரத்தை இட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் யார் ஆடுவார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சென்ற ஆண்டு மார்ச் 8ஆம் தேதி டப்ளினில் நாட்டுக்காக ஆடும்போது எங்கள் அணியின் நட்சத்திர வீரர் அந்துவான் டுபோனின் முழங்கால் தசைநார் கிழிந்து, பருவத்தின் மிச்சம் முழுவதும் அவர் இல்லாமல் போனது. ஜூன் 28 இறுதியாட்டத்தில் போர்தோ அணியைக் கூடுதல் நேரத்தில் 39-33 என்று வென்றபோது இங்கே விடியற்காலை மூன்று மணியை நெருங்கிவிட்டது. நான் தனியாக அழுதேன். அவர் களத்தில் இல்லாமலே அந்தக் கோப்பையை வென்றோம்.

பதில்: பாளையங்கோட்டை, உடற்கல்வி ஆசிரியை

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் நியாயமானது. வீரர்களைத் தேசிய அணிக்கு விடுவிக்க வேண்டிய காலங்களை உலக ரக்பி அமைப்பின் விதி வரையறுக்கிறது. லீக்கை நடத்துவோர் வேறு, ஐரோப்பியக் கோப்பையை நடத்துவோர் வேறு, சிக்ஸ் நேஷன்ஸை நடத்துவோர் வேறு. 1995 ஆகஸ்டில்தான் இந்த ஆட்டம் தொழில்முறை ஆனது. அதற்கு முன்பே வேரூன்றிய, நாடுகள் மோதும் ஆட்டங்களின் மேல் கழகங்களின் நீண்ட பருவத்தை ஏற்றிவைத்தார்கள், எதையும் கழிக்கவில்லை. வடக்கே செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. தெற்கே நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கழகங்கள் ஆடும் சூப்பர் ரக்பி பிப்ரவரியில் தொடங்குகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஜூலையும் நவம்பரும் நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

உங்கள் அணியைக் கணக்கிட்டுப் பாருங்கள். டாப் 14இல் 26 சுற்று; அரையிறுதி, இறுதி இரண்டு; சாம்பியன்ஸ் கோப்பையில் இறுதிவரை போனால் எட்டு. அதன் மேல் பிரான்சு அணிக்குச் சிக்ஸ் நேஷன்ஸ் ஐந்து, நவம்பரில் மூன்று, ஜூலையில் மூன்று. மொத்தம் 47. எந்த உடம்பும் அதைத் தாங்காது என்பதால்தான் மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கிறார்கள். நீங்கள் அழுத அந்த இறுதியாட்டம் முடிந்து ஒரே வாரத்தில், ஜூலை 5ஆம் தேதி டனீடினில் நியூசிலாந்தோடு பிரான்சு ஆடியது. முதன்மை வீரர்கள் பலரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போன அணி 31-27 என்று தோற்றது. கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் நடுவே வயலைக் காயப் போடுகிற ஊரில் இருந்துகொண்டு, அந்த இடைவெளி இல்லாத ஆட்டத்தைப் பார்க்க எனக்கும் மனம் பதைக்கிறது. என் மாணவியர் தொடர்ந்து மூன்று வார இறுதி ஆடினாலே நான்காவது வாரம் ஒருத்தியாவது தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஆகவே போட்டியைப் பார்க்காமல் வீரர்களைப் பார்த்துக் குறியுங்கள். சிக்ஸ் நேஷன்ஸ் வாரங்களில் லீக் ஆட்டம் இருந்தால் உறங்குங்கள். பிரான்சின் ஆட்டத்துக்கு விழியுங்கள். இவ்வாண்டு ஐந்து சுற்றுக்கும் நடுவே ஒரே ஒரு ஓய்வு வாரம்தான். கடைசி ஆட்டம் மார்ச் 14, பாரிஸில் இங்கிலாந்தோடு. ஏப்ரல் முதல் சாம்பியன்ஸ் கோப்பையின் தோற்றால் வெளியேறும் சுற்றுகளில் எல்லா அணிகளும் முழு பலத்தோடு இறங்கும். மே மாத இறுதியாட்டம் ஸ்பெயினின் பில்பாவோவில். ஜூனில் டாப் 14இன் கடைசிச் சுற்றுகளைத் தவறவிடாதீர்கள்.

பதில்: தென்காசி

இவ்வளவு சிரமம் எதற்கு? நியூசிலாந்து அணிகளின் ஆட்டங்களைப் பாருங்கள். அங்கே மாலை என்றால் நமக்குப் பகல், சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிடலாம்.

கேட்டவர்

தென்காசி நண்பருக்கு நன்றி. பகலில் பார்க்க வசதிதான். ஆனால் நான் அணியை நேரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆசிரியை அவர்கள் சொன்னபடி நேற்று இரவு நாட்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து மறுபடி குறித்தேன். பிப்ரவரி 6, வெள்ளி அதிகாலை. மார்ச் 15, ஞாயிறு அதிகாலை. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். நடுவில் வரும் லீக் ஆட்டங்களை அடித்துவிட்டேன். அடிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஜூனில் பாபநாசம் அணை திறந்து கார் நாற்றங்கால் விடும் வேலை வரும் என்பதால், அந்த மாத இறுதியாட்டத்துக்கு மட்டும் என் தம்பி மகனைத் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இயந்திரக்காரர் இன்று காலை நாள் கேட்டார். பயிர் அதற்குள் முற்றிவிடும் என்று பார்த்து, மார்ச் 16 திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டேன்.