புதுப்பிப்பு: டிவிடி வாய்க்குள் போன எஸ்டி கார்டு வெளியே வந்துவிட்டது

கேமராவின் எஸ்டி கார்டைப் பழைய ஆல் இன் ஒன் கணினியின் (திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய வகை) டிவிடி வாய்க்குள் தள்ளிவிட்டேன் என்று முந்தாநாள் புலம்பியிருந்தேன் அல்லவா, நேற்று ராத்திரி எடுத்துவிட்டேன்.

கார்டுக்கான துளையும் டிவிடி துளையும் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இருக்கின்றன, பார்க்காமல் தடவிச் செருகினால் இதுதான் கதி. டிவிடி 12 செ.மீ. அகலம், கார்டு வெறும் 24 மி.மீ., அதனால் எஜெக்ட் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் உர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இடுக்கி விடச் சொன்னவர்கள் மன்னிக்கவும், உள்ளே டிவிடியைப் படிக்கும் லென்ஸில் கீறல் விழுந்துவிடுமோ என்று பயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துளை கீழே பார்க்கும்படி தம்பி கணினியைச் சாய்த்துப் பிடிக்க, விசிட்டிங் கார்டு நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி மெல்ல நுழைத்தேன். முதல் இரண்டு தடவை துளை ஓரத்துக் கறுப்புத் துணியின் பிசிறுதான் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் கார்டின் நீல மூலை எட்டிப் பார்த்தது, நகத்தால் இழுத்துவிட்டேன்.

படங்கள் அப்படியே இருக்கின்றன. டிரைவ் ஓடுகிறதா தெரியாது, போட்டுப் பார்க்க வீட்டில் ஒரு டிவிடிகூட இல்லை. இப்போதைக்கு அந்த வாயை செலோடேப் போட்டு மூடியாயிற்று.