விக்கர்ஸுக்கு முடிந்தது லூயிஸுக்கு ஏன் முடியவில்லை?

கேள்வி:
முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான எஸ்.ஈ.5ஏ-இல் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி விமானிக்கு முன்னால் உட்கார்ந்து, சுழலும் புரொப்பல்லர் வழியாகவே சுடுகிறது. அதே .303 தோட்டாவைச் சுடும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை மட்டும் மேல் இறக்கைக்கு ஏற்றிவிட்டார்கள். எடை குறைந்தது லூயிஸ்தானே? இன்னொரு சந்தேகம்: தோட்டா புரொப்பல்லர் அலகில் (பிளேடில்) படாதபடி சுடும் நேரத்தை ஒத்திசைக்கும் கியர் பழுதில்லாமல் இருந்தும் புரொப்பல்லரில் ஓட்டை விழுந்தது எப்படி?

பதில் 1:
தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். விக்கர்ஸில் தோட்டா அறைக்குள் ஏறிப் பூட்டும் மூடித் தயாராக இருக்கும். ஊசி விழுவது மட்டுமே பாக்கி. லூயிஸில் விசையை அழுத்தும்வரை போல்ட் பின்னால் நிற்கும். அழுத்திய பிறகு முன்னே ஓடி, தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய், திரும்பிப் பூட்டி, அப்புறம்தான் வெடி. ஸ்பிரிங்கின் இறுக்கம், படிந்த கரி, உயரத்தின் குளிரில் கெட்டியாகும் எண்ணெய் எல்லாமே அந்த நேரத்தை மாற்றும். நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் புரொப்பல்லர் ஒரு மில்லிசெகண்டில் 7.2 டிகிரி திரும்பிவிடும். 5 மில்லிசெகண்ட் பிசகினால் 36 டிகிரி!

மேலே ஏற்றியதில் ஒரு லாபமும் உண்டு. ஃபாஸ்டர் தண்டவாளம் என்ற வளைந்த தாங்கியில் துப்பாக்கியைக் கீழே இழுத்து 97 தோட்டா டிரம்மை மாற்றலாம். எதிரியின் வயிற்றுக்கடியிலிருந்து மேல்நோக்கியும் சுடலாம்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். 'இடைமறிக்கும் கியர்' என்று பலர் எழுதுவது குழப்புகிறது. கியர் துப்பாக்கியைத் தடுப்பதில்லை, இன்ஜினோடு சுழலும் கேம் (மேடுள்ள சக்கரம்) ஒவ்வொரு முறையும் 'இப்போது சுடு' என்று தட்டுகிறது. துப்பாக்கி தயாராக இல்லையென்றால் அந்தத் தட்டு வீண், அடுத்ததற்குக் காத்திருக்கும். கணக்குப் போட்டால் புரியும்: தனியாக நிமிடத்துக்கு 500 சுடும் துப்பாக்கி ஒரு முறை சுட்டு மறுபடி தயாராக 120 மில்லிசெகண்ட். 1200 சுற்றில் அரைச் சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் 25 மில்லிசெகண்டுக்கு ஒன்று. 120-க்குப் பிறகு வரும் தட்டு 125-இல், அப்போதுதான் வெடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 480. இன்ஜின் 600-க்கு இறங்கினால் 50-க்கு ஒரு தட்டு, 150-இல் வெடி, வேகம் 400 ஆகிவிடும். இன்ஜினைத் தணித்தால் சுடும் வேகமும் படுத்துக்கொள்வது இதனால்தான்.

பதில் 3:
ஓட்டை விஷயம். முதல் குற்றவாளி தோட்டா: ஊசி விழுந்தும் மருந்து தாமதமாகப் பற்றினால் கியர் என்ன செய்யும்? ஒத்திசைவுத் துப்பாக்கிகளுக்குத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்து வழங்கியது அதற்காகவே. அடுத்து, கேமின் தட்டைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகும் இயந்திரத் தண்டுகள். தேய்ந்து ஆட்டம் கண்டால் நேரம் தவறும். 1917-இல் வந்த கான்ஸ்டன்டினெஸ்கோ கியர் தண்டுக்குப் பதில் குழாயில் அடைத்த எண்ணெயில் அழுத்த அலையை அனுப்பியது. அருமையான யோசனை, ஆனால் குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் அலை செத்துத் துப்பாக்கி விட்டுவிட்டுச் சுடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தரையில் டைமிங்கை எப்படிச் சரிபார்த்தார்கள்?

பதில் 3:
புரொப்பல்லரோடு ஒட்டுப்பலகை வட்டு ஒன்றைப் பொருத்தி, சுழலவிட்டுச் சுடுவார்கள். துளைகள் விழுந்த இடம் அலகிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி என்று அளப்பது எளிது. ஒரே வேகத்தில் சுட்டுப் பார்ப்பது போதாது: தாமதம் மாறாது, ஆனால் சுற்று கூடக் கூட அதே தாமதம் அதிக டிகிரி ஆகிவிடும். துப்பாக்கி வாயிலிருந்து புரொப்பல்லர் 1 மீட்டர் என்றால் தோட்டா பறக்கும் நேரம் மட்டுமே சுமார் 1.4 மில்லிசெகண்ட், 1200 சுற்றில் அது 10 டிகிரி, 400-இல் 3 தான். மெதுவாக ஓடும்போது துளைகள் இப்போதுதான் கடந்துபோன அலகுக்குப் பக்கத்தில் விழும், முழு வேகத்தில் அடுத்து வரும் அலகை நோக்கி நகரும். இரண்டு எல்லையிலும் மரத்தைத் தொடாதபடி கேமைத் திருப்பி வைக்க வேண்டும்.