ரெய்னே மலை: படி ஏறுவதா, கணவாய் தாண்டுவதா?

கல்மண்டபம் (இழையைத் தொடங்கியவர்)

நம் வடசென்னை நடைக்குழுவில் ஐந்து பேர் ஜூலையில் நார்வே போகிறோம். லோஃபோட்டன் தீவுகளில் ரெய்னே என்ற மீனவ கிராமத்தில் தங்கல். மலைக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது, அதில்தான் சண்டை.

ஊருக்கு நேர் மேலே நிற்பது ரெய்னேபிரிங்கன், 448 மீட்டர். நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் அதில் ஏறக்குறைய 2000 கல்படி கட்டியிருக்கிறார்கள். இன்னொரு பாதை பக்கத்து ஊரான சொர்வோகனில் தொடங்கி, ஏரிகளை ஒட்டி ஏறி, முன்கெபூ என்ற மலைக்குடிலுக்குப் போகிறது. கணவாய் தாண்டி அந்தப் பக்கம் ஃபோர்ஸ்ஃபியோர்டு என்ற கடல் நுழைவாயின் கரையில் இறங்கலாம். அங்கே படி இல்லை, செங்குத்தான இடங்களில் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மூன்று பேர் படி என்கிறார்கள், இரண்டு பேர் சங்கிலி என்கிறார்கள். உங்கள் கருத்து?

எண்ணூர் முகத்துவாரம்

படிக்கு ஓட்டுப் போட்ட மூன்று பேருக்கும் ஒரு கேள்வி. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போய்ப் படிதான் ஏறப் போகிறீர்கள் என்றால் பரங்கிமலை என்ன பாவம் செய்தது? மின்சார ரயிலிலேயே போய்விடலாம்.

படியில் ஏறுகிறவன் கண் அடுத்த படியில்தான் இருக்கும். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே உச்சிக்குப் போய், ஒரு செல்ஃபி எடுத்து, அதே வழியில் இறங்குவது. எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எது ஆடும், எந்தப் பக்கம் வளையலாம் என்று நாமே முடிவெடுப்பதுதான் மலை. படி போட்ட அன்றே அது போய்விட்டது. கூட்டமும் அதனால்தான் வருகிறது.

மூட்டைக்காரர் பேரன்

எண்ணூர் அண்ணா, கதையைத் தலைகீழாகச் சொல்கிறீர்கள். கூட்டம் முதலில் வந்தது, படி பிறகுதான் வந்தது.

உச்சியிலிருந்து எடுத்த படம் இணையத்தில் பரவிய பிறகு, அந்தச் செங்குத்துச் சரிவில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். மண் கரைந்தது. மேலே ஒருவர் கால் வைத்தால் கீழே வருகிறவர் தலையில் கல் விழும். ஒரு கட்டத்தில் 'ஏற வேண்டாம்' என்றே அறிவுறுத்தினார்கள். 2016-இல் வேலையைத் தொடங்கினார்கள், 2019-இல் பாதையைத் திறந்தார்கள், 2021-இல்தான் மேல் பகுதி முடிந்தது. படி கட்டாமல் விட்டிருந்தால் இந்நேரம் அந்தச் சரிவில் புல்லே இருந்திருக்காது.

அப்புறம், 'படிதானே' என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள். கல்லை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கியதோடு சரி. கடப்பாரையால் நெம்பி, கீழே சிறு கல் முட்டுக் கொடுத்து, ஆடாமல் உட்கார வைத்ததெல்லாம் ஆட்கள். நான் போனபோது ஒரு படியில் உட்கார்ந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் சேர்ந்து புரட்ட வேண்டிய கல், சுண்ணாம்பு இல்லை, சிமென்ட் இல்லை, தன் எடையிலேயே நிற்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பேரன் நான். அதைப் பார்த்த பிறகு என்னால் மட்டமாகப் பேச முடியாது.

எண்ணூர் முகத்துவாரம்

தம்பி, கட்டியவர் கைவேலையை நான் குறை சொல்லவில்லை. கட்டச் சொன்ன யோசனையைத்தான் சொல்கிறேன். மலை கரைகிறதா, நாலைந்து வருஷம் மூடிவையுங்கள். நம் ஊரில் காட்டுத்தீ காலத்தில் மூடுவதில்லையா?

வண்ணை வடக்கு

நினைத்தவுடன் மூட முடியாது என்பதுதான் அங்கே சிக்கல். திறந்த வெளியில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது நார்வேயில் பழைய வழக்கம், 1957-இல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். மலை ஏற அனுமதிச் சீட்டு கிடையாது, கட்டாய வழிகாட்டியும் கிடையாது.

இங்கே 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் இறுகின. 2024-இல் அரசே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஆக்கியது. நாம் ஆளைக் கட்டுப்படுத்துகிறோம். அவர்கள் ஆளை விட்டுவிட்டுப் பாதையைக் கெட்டியாக்குகிறார்கள். எனக்கு நம் முறைதான் பிடிக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஜூலையில் அங்கே போகிறவர்களுக்கு அவர்கள் முறைதானே.

சரி, முட்டிக்கு வருவோம். 448 மீட்டரை 2000 படியால் வகுத்தால் ஒரு படிக்குச் சராசரியாக 22 சென்டிமீட்டர். நம் வீட்டுப் படியெல்லாம் பெரும்பாலும் 15, 17 தான். ஐம்பதைத் தாண்டிய எனக்கு இந்த வித்தியாசம் இறங்கும்போதுதான் தெரியும். வெள்ளியங்கிரியில் முதல் மலையின் படிகளில் துள்ளிக்கொண்டு ஏறிய பையன்கள், திரும்பும்போது மூங்கில் தடியில் தொங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். படி சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காசிமேடு கருவாடு

நான் மலைக்காக வரவில்லை. ரெய்னேயில் மீன் காயப்போடும் மரச்சட்டங்களைப் பார்க்க இந்த ஐந்து பேரில் ஒருவர் ஆசைப்படுகிறாராம். ஜூலையில் வெறும் சட்டம்தான் இருக்கும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

காட் மீன் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பேரன்ட்ஸ் கடலிலிருந்து அங்கே முட்டையிட வரும். தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, பிப்ரவரி முதல் மே வரை தொங்கவிடுவார்கள். உப்பே போடுவதில்லை. அந்த மாதங்களில் குளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதால் மீன் அழுகாது, ஈயும் மொய்க்காது, காற்றிலேயே காய்ந்து கட்டையாகிவிடும். காசிமேட்டு வெயிலுக்கு உப்பு இல்லாமல் ஒரு கிலோ காயப்போட்டுப் பாருங்கள், மறுநாள் தெருவே காலியாகிவிடும். நல்ல மீன் இத்தாலிக்குப் போகிறது, காய்ந்த தலை நைஜீரியாவுக்குப் போகிறது, அங்கே குழம்புக்கு. எதையும் வீணாக்குவதில்லை.

நீங்கள் தங்கப் போகிற சிவப்பு மரவீடுகளும் அந்த மீன் பருவத்தில் வெளியூர் மீனவர் தங்கக் கட்டியவைதான். இப்போது சுற்றுலாக்காரர் வாடகை. நம் பக்கம் அப்படி நடந்தால் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பார்த்தேன், சரி அது வேறு இழை.

எண்ணூர் முகத்துவாரம்

அதையேதான் நானும் சொல்கிறேன். மலையும் வீடும் ஊர்க்காரனுக்கு இல்லை, வந்து போகிறவனுக்கு என்று ஆகிவிட்டது. முன்கெபூ பக்கம் போனால் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருக்க வேண்டாம்.

மூட்டைக்காரர் பேரன்

அண்ணா, முன்கெபூ பாதையில் ஈரச் சேற்று நிலம் இருக்கிறது. சேறு படக்கூடாது என்று ஆளுக்கொரு ஓரமாக நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை அகன்றுகொண்டே போகும். அங்கே செடி திரும்ப முளைக்க வருஷக்கணக்கில் ஆகும். கூட்டத்தை விட்டு விலகுகிறேன் என்று நீங்கள் போனால், சேதத்தைப் புது இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். படியில் பத்தாயிரம் பேர் ஏறினாலும் எல்லாருடைய காலும் ஒரே கல்லில்தான் விழும். எனக்கு அதுதான் பெரிய வாதம்.

எண்ணூர் முகத்துவாரம்

பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றின் நடுவிலேயே நடந்தால் பாதை அகலாது. ஓரம் ஒதுங்குகிறவனைத் திருத்துங்கள். அவனுக்காக மலையைத் திருத்த வேண்டாம்.

கல்மண்டபம்

இது நியாயமாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மலைப் பழக்கமே கிடையாது. தண்டையார்பேட்டையில் எந்த மேட்டில் பழகுவது? தரை மட்டத்தை விட்டால் மேம்பாலம்தான்.

வண்ணை வடக்கு

பத்து மாடிக் குடியிருப்பில் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் பதினைந்து தடவை ஏறினால் ரெய்னேபிரிங்கன் கணக்கு வந்துவிடும். இறங்கும்போது லிஃப்டைத் தொடாதீர்கள், பழக வேண்டியதே இறக்கம்தான். முதுகில் நாலு லிட்டர் தண்ணீர். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சந்தேகப்படுவார்.

அந்த இரண்டு பேரைச் சங்கிலிப் பக்கம் இழுக்காதீர்கள் தம்பி. முன்கெபூவுக்கும் மேலே ஹெர்மன்ஸ்டால்ஸ்டின்டன் இருக்கிறது, 1029 மீட்டர், அந்தத் தீவிலேயே அதுதான் உயரம். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்' என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். நார்வேக்காரர்களின் மலை விதிகளிலேயே, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்று ஒன்று இருக்கிறது. நம் ஆட்களுக்கு அந்த ஒன்றுதான் வராது.

மூட்டைக்காரர் பேரன்

கூட்டம்தான் பிரச்சினை என்றால் இரவில் ஏறுங்கள். ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறையாது, அதன் பிறகும் நள்ளிரவில் நல்ல வெளிச்சம் இருக்கும். பத்து மணிக்குக் கிளம்பினால் போதும். வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். ரெய்னேயிலிருந்து நடந்தே போய், சுரங்கப்பாதைக்குள் நுழையாமல் வெளியே உள்ள பழைய சாலையில் போனால் படி தொடங்கும் இடம் வந்துவிடும். மழை பெய்தால் மட்டும் வேண்டாம், நனைந்த கல் வழுக்கும்.

எண்ணூர் முகத்துவாரம்

மழை பெய்தால் சங்கிலியும் வேண்டாம், அதில் நமக்குள் சண்டையில்லை. அன்றைக்கு ரெய்னேயிலிருந்து படகில் வின்ஸ்டா என்ற சிற்றூருக்குப் போங்கள். கரையோரமாக நடந்து, நூறு மீட்டர்கூட இல்லாத ஒரு தாழ்ந்த கணவாயைத் தாண்டினால் பூனஸ் கடற்கரை. மூன்று பக்கம் மலை, நடுவில் மணல். அங்கே எவனும் படி போடவில்லை.

மூட்டைக்காரர் பேரன்

இன்னும் போடவில்லை.

எண்ணூர் முகத்துவாரம்

போட்டால் நீதான் முதலில் போய்க் கல்லை எட்டிப் பார்ப்பாய்.

கல்மண்டபம்

சரி. வானம் தெளிவாக இருந்தால் இரவில் படி, பழக்கமுள்ள மூன்று பேரில் யாருக்காவது முன்கெபூ வேண்டுமென்றால் அவர்கள் தனியாக. மழை என்றால் எல்லாரும் பூனஸ். எண்ணூர் அண்ணாவுக்கு இதில் திருப்தி இருக்காது, தெரியும்.

காசிமேடு கருவாடு

பூனஸ் போனால் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் ரெய்னேக்குச் சாலை கிடையாது.