மறு: டீ-எஸ்கலேஷன்: 'பதற்றத் தணிப்பு' சரிவருமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கோபத்தில் கொதிப்பவரோடு பேசி, நிலைமை கைகலப்பாக முற்றாமல் பார்த்துக்கொள்வதைத்தான் ஆங்கிலத்தில் டீ-எஸ்கலேஷன் என்கிறார்கள். மனநோயிலிருந்து மீண்டு வந்து மற்ற நோயருக்குத் துணை நிற்கும் துணையாளர்களுக்கு நாம் எழுதும் கையேட்டில் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. அதற்கு ஐயா சொன்ன 'பதற்றத் தணிப்பு' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனநலத் துறையில் 'பதற்றம்' ஏற்கெனவே ஆங்ஸைட்டிக்குப் போய்விட்டது. கையேட்டில் நாலு பக்கம் தள்ளிப் 'பதற்றக் கோளாறு' வரும்போது படிப்பவர் குழம்பிப்போவார். எல்லையில் படைகள் பின்வாங்கும் செய்திக்கும் நாளிதழ்கள் 'பதற்றத் தணிப்பு' என்றுதான் எழுதுகின்றன. அது அவர்களிடமே இருக்கட்டும்.

'அமைதிப்படுத்தல்' எனக்குப் பிடிக்கவில்லை. ஊசி போட்டுப் படுக்கவைத்துவிட்டும் "அமைதிப்படுத்திட்டோம்" என்றுதானே சொல்கிறார்கள்? 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, நோயரைத் தனியே அடைத்து வைக்கக் கூடாது என்கிறது. அவருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து, அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் உடலைக் கட்டுப்படுத்தலாம். அந்த 'வேறு வழி'க்குத்தான் நாம் இப்போது பெயர் தேடுகிறோம். 'ஆற்றுப்படுத்தல்' கவுன்சலிங்குக்கு ஆகிவிட்டதால் அதையும் தொட முடியாது.

கடலூரில் துணையாளர்களுக்கு நடந்த பயிற்சியில் ஒரு காட்சியை நடித்துக் காட்டினார்கள். எல்லாரும் மனநோயைத் தாண்டி வந்தவர்கள். ஓ.பி. வரிசையில் காத்துக் காத்துக் கொதித்துப்போன ஒருவர் கத்துகிறார். துணையாளராக நடித்த அக்கா இரண்டு கை தூரம் விட்டு, சற்றே பக்கவாட்டில், வாசலை மறிக்காமல் நின்றார். கை இரண்டும் வெளியே தெரிந்தன. பேசியது அவர் ஒருவர்தான், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. "காலையிலேருந்து நிக்கிறீங்க, கோவம் வரத்தாண்ணே செய்யும். உள்ள உக்காருறீங்களா, வெளிய மரத்தடியில நிக்கிறீங்களா?" அவ்வளவுதான். அப்புறம் சும்மா இருந்தார். அந்த அண்ணன் இன்னும் ரெண்டு தடவை கத்திவிட்டுத்தான் மரத்தடிக்குப் போனார்.

இதில் தானாகத் தணிந்தவர் அந்த அண்ணன். அக்கா அவரோடு நின்றார், அவ்வளவே. 'தணித்தல்' என்றால் அக்கா அவரைத் தணித்ததாக ஆகிவிடும். அந்தப் பிறவினை இடிப்பது இங்கேதான். எனவே என் பரிந்துரை: தணிவுத்துணை. இலங்கையில் கவுன்சலிங்குக்குச் சொல்லும் 'உளவளத்துணை' போல நாக்கில் உட்காரும். தணிவுத்துணைத் திறன், தணிவுத்துணைப் பயிற்சி என்று நீட்டவும் வசதி. தணிவு என்றால் பணிவும் ஆகுமே என்று யாராவது கேட்பீர்கள். ஆகட்டும், தணிந்த குரலில் பேசு என்பதுதானே அங்கே முதல் பாடம்!

எஸ்கலேஷனுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். "வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது" என்று தினமும் படிக்கிறோம். 'முற்றுதல்' போதும். புதுச்சேரி நண்பர் 'முற்றாமை காத்தல்' என்று தனிமடலில் எழுதியிருந்தார். பொருள் சரி, ஆனால் வார்டில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

கையேடு அச்சுக்குப் போகப்போகிறது. மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். சேர்த்து எழுதுவதா, 'தணிவுத் துணை' என்று பிரித்தா என்பதையும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்.