விட்ஃபீல்டு ஆயின்மென்ட் நறநறவென்று ஆகிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் மருந்து தயாரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். படர்தாமரைக்குத் தரும் விட்ஃபீல்டு ஆயின்மென்ட் போன மாதத்திலிருந்து சரியாக வரவில்லை. பென்சாயிக் ஆசிட் 6%, சாலிசிலிக் ஆசிட் 3%, மீதி பேஸ், அதாவது மருந்தைக் கலக்கும் அடிப்படைக் களிம்பான எமல்சிஃபையிங் ஆயின்மென்ட்.

செய்து முடிக்கும்போது வழவழப்பாகத்தான் இருக்கிறது. மறுநாள் விரலில் தேய்த்தால் நறநறவென்கிறது. டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்தால் ஊசி ஊசியாகப் படிகங்கள் மினுக்குகின்றன. சொறிந்து புண்ணான தோலில் இதைத் தடவச் சொல்ல மனம் வரவில்லை.

கையிலிருப்பவை: பீங்கான் கல்வம், கண்ணாடி ஸ்லாப், ஸ்பாட்டுலா, வாட்டர் பாத், எலக்ட்ரானிக் தராசு. ஒரு தடவைக்கு 500 கிராம். பேஸை உருக்கி, சூடாக இருக்கும்போதே பவுடரைப் போடுவது இங்குள்ள வழக்கம்.

பவுடரை 80ஆம் நம்பர் சல்லடையில் சலித்தேன். ஸ்லாப்பில் கொஞ்சம் லிக்விட் பாரஃபின் விட்டுக் குழைத்துச் சேர்த்தேன். முழுக்க ஆறும் வரை கிளறினேன். வேறு பேட்ச் ஆசிட்டும் வாங்கிப் பார்த்தாயிற்று. அப்புறம், லேசாக ரோஸ் நிறமும் தட்டியது. இரும்பு பட்டால் சாலிசிலிக் ஆசிட் அப்படி ஆகும் என்பதால் பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவுக்கு மாறினேன். நிறம் சரியாகிவிட்டது, நறநறப்பு மட்டும் போகவில்லை.

சூட்டில் கரைந்த ஆசிட்தான் ஆறும்போது மறுபடி படிகமாகிறது என்று நினைக்கிறேன். இதைக் கையால் தயாரிப்பவர்கள் சொல்லுங்கள்: பேஸ் எவ்வளவு ஆறிய பிறகு பவுடரைச் சேர்க்கிறீர்கள்?